பாவாவின் இரண்டு வீடுகள்: கொழும்பிலிருந்து லுணுகங்காவுக்கு ஒரு கார்ப் பயணம்

இலங்கையைக் காரில் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கண்டி, நுவரெலியா, எல்ல, காலி என்று ஒரு பட்டியலோடுதான் கிளம்புகிறார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு நாளைப் பிடித்து வைத்து, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வாழ்ந்த இரண்டு வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று கொழும்பில் இருக்கிற ‘நம்பர் 11’. இன்னொன்று பெந்தோட்டைக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கிற லுணுகங்கா. கட்டடக் கலை பற்றி எதுவும் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் எதுவும் தெரியாமல்தான் முதல் தடவை போனேன்.

போவதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் போதும். பாவா 1919-ல் கொழும்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்தார், பிறகு லண்டனில் சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. உலகம் சுற்றினார், இத்தாலியில் ஒரு வீடு வாங்கிக் குடியேறிவிடலாம் என்று நினைத்தார், அது நடக்கவில்லை. 1948-ல் ஊர் திரும்பி, பெந்தோட்டைப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்கா. சிங்களத்தில் லுணு என்றால் உப்பு, கங்க என்றால் ஆறு. அந்த இடத்தை இத்தாலியத் தோட்டம் மாதிரி ஆக்க வேண்டும் என்று ஆசை இருந்தது, அதற்கான தொழில் தெரியவில்லை. அதனால் மறுபடி லண்டன் போய்க் கட்டடக் கலை படித்தார். தேறியபோது வயது 38. அதற்குப் பிறகுதான் நாடாளுமன்றம் வரை எல்லாம் கட்டினார்.

அதாவது அவரைக் கட்டடக் கலைஞர் ஆக்கியதே இந்தத் தோட்டம்தான். வாங்கிய நாளிலிருந்து உடம்பில் தெம்பு இருந்தவரைக்கும், ஏறக்குறைய 50 ஆண்டு, அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். ஓர் ஓட்டலிலோ அலுவலகத்திலோ செய்து பார்க்க முடியாததை முதலில் இங்கே செய்து பார்த்தார்.

முதல் வேலை: நேரத்தைப் பதிவு செய்வது

விமான டிக்கெட் எடுத்த கையோடு இதைச் செய்துவிடுங்கள். இரண்டு வீடுகளையும் குறிப்பிட்ட நேரங்களில், வழிகாட்டி ஒருவரோடு, சிறு குழுவாகத்தான் பார்க்க முடியும். நினைத்த நேரத்தில் நுழைந்து உலாத்துகிற இடங்கள் இல்லை இவை. பாவா அறக்கட்டளையின் இணையதளத்தில் நேரமும் கட்டணமும் இருக்கும். இரண்டும் அவ்வப்போது மாறுவதால் பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போகாதீர்கள்.

நான் முதல் தடவை லுணுகங்காவுக்குப் பதிவு செய்யாமல் போனேன். காலி வீதி நெரிசலில் 40 நிமிடம் போய்விட்டது. வாசலில் இறங்கியபோது அந்தச் சுற்று தொடங்கிவிட்டது, அடுத்த சுற்றில் இடமில்லை. அன்று மாலை எனக்குத் திரும்பும் விமானம். கேட்டுக்கு வெளியே நின்று மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி போக இரண்டு வருடம் ஆயிற்று.

லுணுகங்காவுக்கு முடிந்தால் பிற்பகல் கடைசிச் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். நடுப்பகல் வெயிலில் புல்வெளி வெள்ளையாய் அடிக்கும், ஏரி கண்ணைக் கூசும். நாலு மணிக்கு மேல் வெளிச்சம் சாய்ந்து மரங்களுக்கு நடுவே இறங்கும்போதுதான் ஆழம் தெரியும். நம்பர் 11-க்கு நேர்மாறு. அங்கே வெளிச்சம் கூரைத் திறப்புகள் வழியாக மேலிருந்து விழுகிறது, அதனால் வெயில் நன்றாக ஏறிய காலை நேரம் நல்லது.

மாதம் என்று பார்த்தால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை தென்மேற்குக் கரையில் மழை குறைவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழையிலும் தோட்டம் அழகுதான், ஆனால் பாசி பிடித்த படிகளில் வயதானவர்களோடு இறங்குவது சிரமம். பௌர்ணமி நாள் அங்கே போயா விடுமுறை. அன்று சாலையில் கூட்டம் அதிகமாக இருக்கும், அதைத் தவிர்ப்பது நல்லது.

வண்டி

கொழும்பில் இறங்கியதும் ஓட்டுநரோடு கார் எடுப்பதுதான் சுலபம். நீங்களே ஓட்ட விரும்பினால் சர்வதேச ஓட்டுநர் உரிமத்தோடு உள்ளூர் அனுமதியும் வேண்டும். நம்மைப் போலவே அங்கும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், அதில் குழப்பம் வராது. ஓட்டுநரோடு போனால் ஒரு விஷயம்: இரவு தங்குமிடத்தில் ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பல ஓட்டல்களில் தனி அறை இருக்கிறது. சில சிறிய விடுதிகளில் இருக்காது. நாம் கேட்காவிட்டால் அவர் காரிலேயே படுத்துக்கொள்வார்.

எங்கள் ஓட்டுநர் பேருவளைக்காரர். அந்தப் பகுதி முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ். அவர்கள் வழக்கில் அண்ணனுக்கு ‘நானா’ என்று பெயர், அப்படித்தான் அவரைக் கூப்பிட்டோம். பேருவளை, தர்கா நகர் கடைகளில் தமிழிலேயே பேசிச் சமாளிக்கலாம்.

முதல் நாள் காலை: நம்பர் 11

கொழும்பு 3-ல் பகத்தலே வீதியிலிருந்து பிரிகிற ஒரு முட்டுச் சந்தில், 33-ஆம் ஒழுங்கையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் வீடு என்றே தெரியாது. வரிசையாக நான்கு சின்ன வீடுகள் இருந்த இடம் இது. 1958-ல் பாவா மூன்றாவது வீட்டை எடுத்தார். பிறகு நான்காவது கிடைத்தது, பத்து ஆண்டுக்குள் நான்கும் அவர் கைக்கு வந்துவிட்டன. ஒரு நேரத்தில் ஒரு சுவர் என்று இடித்து நான்கையும் ஒன்றாக்கினார். முன்னால் இருந்த வீட்டை மட்டும் தகர்த்துவிட்டு ஒரு கோபுரம் மாதிரி மேலே எழுப்பினார்.

உள்ளே நுழைந்ததும் கார் நிறுத்துகிற இடம். அங்கே அவருடைய பழைய ரோல்ஸ் ராய்ஸ் நிற்கும். எல்லோரும் அதைப் படம் பிடிப்பதில் நேரத்தைச் செலவழிப்பார்கள். நீங்கள் அதைத் தாண்டி உள்ளே போகிற வெள்ளை நடையைக் கவனியுங்கள். அது நீளமானது, குறுகலானது, கொஞ்சம் இருட்டு. ஆனால் அதன் வழியில் அங்கங்கே கூரை திறந்து மேலிருந்து வெளிச்சம் கொட்டுகிறது. கால் தானாக அந்த வெளிச்சத்தை நோக்கிப் போகும். இருட்டு, வெளிச்சம், இருட்டு, வெளிச்சம் என்று ஒரு தாளக்கட்டில் உங்களை அழைத்துப் போகிற நடை அது.

அந்தத் திறப்புகளில் ஒன்றில், சிறிய நீர்த்தொட்டியை ஒட்டி, செட்டிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரத்தூண்கள் நிற்கின்றன. காரைக்குடிப் பக்கம் வளவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில் எதுவும் விளக்க வேண்டியதில்லை. வானம் திறந்த முற்றம், சுற்றித் தூண், நடுவில் மழைநீர். செட்டிநாட்டில் அந்த முற்றம் நூறு பேர் பந்தியில் உட்காருகிற அளவுக்கு இருக்கும். இங்கே நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும். இவ்வளவு சிறிய இடத்திலும் அதே குளிர்ச்சி வருகிறது என்பதை நின்று உணர்ந்து பாருங்கள்.

வீட்டுக்குள் ஆஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃபிரெண்ட் வரைந்த கதவுகள் போன்றவை ஒவ்வொன்றாக வரும். வழிகாட்டி சொல்வார். மேலே போகப் போக வீடு வெள்ளையாகவும் திறந்தும் மாறி, கடைசியில் மொட்டை மாடியில் கொழும்புக் கூரைகளுக்கு மேல் நிற்பீர்கள். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். படம் எடுப்பதற்கு என்ன விதி என்று தொடக்கத்திலேயே வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுலபமாகக் கழற்றி மாட்டுகிற செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

மதிய உணவுக்கு ஆல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் பாவாவின் பழைய அலுவலகம் இருக்கிறது, இப்போது ‘கேலரி கஃபே’ என்ற உணவகம். நம்பர் 11-லிருந்து பக்கம்தான். விலை கூடுதல், ஆனால் முற்றங்களைத் தாண்டித் தாண்டி உள்ளே போகிற அனுபவத்துக்காக ஒரு தேநீராவது குடிக்கலாம். நேரம் இருந்தால் பேரே ஏரியில் மிதப்பது போல நிற்கிற சீமா மாலக்க பௌத்த மண்டபத்தையும் பார்த்துவிடுங்கள், அதுவும் அவர் வடிவமைத்ததுதான். நாடாளுமன்றத்தைக் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டை என்ற ஊரில், தியவன்னா ஏரிக்கு இந்தக் கரையிலிருந்தே பார்க்கலாம். 1982-ல் முடிந்த அந்தக் கட்டடத்தின் செப்புக் கூரைகள் நீருக்கு மேல் கூடாரம் போல எழுந்து நிற்கும். அந்த மாதிரிப் பெரிய வேலைகளில் எல்லாம் பாவாவோடு கூட இருந்த பங்குதாரர், பொறியாளர் பூலோகசுந்தரம் என்ற தமிழர். பாவாவின் பெயர் வருகிற இடங்களில் அவர் பெயரும் வர வேண்டும் என்பது என் எண்ணம். பாவா கோடு போட்ட கூரையை நிற்க வைத்தவர் அவர்.

கொழும்பிலிருந்து பெந்தோட்டை

இரண்டு வழி இருக்கிறது. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி வெலிப்பன்னையில் இறங்கினால் விரைவு. பழைய காலி வீதியில் போனால் சுமார் 65 கிலோமீட்டர், நெரிசலைப் பொறுத்து இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஒரு பக்கம் கடல், கடலுக்கும் சாலைக்கும் நடுவே ரயில் தண்டவாளம், களுத்துறை விகாரை, வழியெல்லாம் செவ்விளநீர் குலைகள். என் ஆலோசனை: போகும்போது அதிவேகப் பாதை, திரும்பும்போது காலி வீதி. பதிவு செய்த நேரத்தைப் பிடிக்க வேண்டிய நாளில் காலி வீதியை நம்ப வேண்டாம்.

இரவு பெந்தோட்டையிலோ அளுத்கமவிலோ தங்குங்கள். லுணுகங்காவிலேயே தங்குவதற்கு அறைகள் உண்டு. பணம் இடம் கொடுத்தால் வேறு எங்கும் பார்க்க வேண்டாம், அங்கேயே ஓர் இரவு போடுங்கள். காலை ஆறு மணிக்கு ஏரிமேல் வெளிச்சம் படும்போது தோட்டம் உங்களுடையதாக இருக்கும்.

இரண்டாம் நாள் காலையில் தர்கா நகருக்கு உள்ளே தள்ளி இருக்கிற ‘பிரீஃப்’ தோட்டத்துக்குப் போகலாம். அது பாவாவின் அண்ணன் பெவிஸ் உருவாக்கியது. அண்ணன் தோட்டம் அடர்த்தியாக, வேடிக்கையும் சிலைகளுமாக இருக்கும். தம்பி தோட்டத்தைப் பார்க்கும் முன் அதைப் பார்த்துவிட்டால், தம்பி எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டார் என்பது புரியும்.

இரண்டாம் நாள் பிற்பகல்: லுணுகங்கா

பெந்தோட்டையில் காலி வீதியை விட்டு எல்பிட்டிய சாலையில் திரும்பி, தெத்துவ ஏரியை நோக்கிப் போக வேண்டும். கடைசிப் பகுதி கிராமத்துச் சிறு பாதை. பெரிய வேன் என்றால் எதிரே வண்டி வரும்போது ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். குறித்த நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே போய்விடுங்கள். கொசு மருந்து, தண்ணீர், குடை மூன்றும் கையில் இருக்கட்டும். ஏரிக்கரையில் பெரிய நீர் உடும்பு ஒன்று குறுக்கே போனால் பயப்பட வேண்டாம், தள்ளி நின்றால் அது தன் வழியில் போய்விடும்.

உள்ளே போனதும் வீட்டைத் தேடாதீர்கள். வீடு சின்னது, ஓடு வேய்ந்தது, ஊரில் பார்க்கிற பழைய பங்களா மாதிரிதான். அந்த ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை: நெளிவு நெளிவான சிமென்ட் தகட்டை அடியில் போட்டு, அதன் நெளிவில் அரைவட்ட நாட்டோட்டைப் படுக்க வைக்கிற முறையைப் பரவலாக்கியவர் பாவா. ஓடு நழுவினாலும் மழை உள்ளே வராது, பார்வைக்கும் பழைய ஓட்டுவீடு. இலங்கையில் எங்கே போனாலும் இந்தக் கூரையைப் பார்ப்பீர்கள்.

வீட்டின் தெற்குத் திண்ணையில் முதலில் நில்லுங்கள். எதிரே புல்வெளி மெல்ல மேடேறி ஒரு குன்றாகிறது. கறுவாக் குன்று என்று அதற்குப் பெயர், டச்சுக்காரர் காலத்தில் இங்கே கறுவாப்பட்டைத் தோட்டம் இருந்தது. குன்றின் உச்சியில் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பெரிய பழைய சீன ஜாடி. அதற்கு அப்பால் ஏரி பளபளக்கிறது. ஏரிக்கும் அப்பால், தொலைவில், வெள்ளைப் புள்ளியாக ஒரு பௌத்த விகாரை. இவை எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருகின்றன. இயற்கையில் இப்படித்தான் அமைந்திருக்கிறது என்று தோன்றும். உண்மையில் ஏரி தெரிய வேண்டும் என்பதற்காகப் பாவா குன்றின் உச்சியைச் செதுக்கி இறக்கினார், மறைத்த மரங்களை எடுத்தார், கண் நடுவில் ஓர் இடத்தில் தங்க வேண்டும் என்று அந்த ஜாடியை வைத்தார். விகாரை அவருடையது இல்லை, ஏரியும் அவருடையது இல்லை. இரண்டையும் தன் தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அந்தத் திண்ணையில் நிற்கும்போது காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ ஒரு மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் வரும், வண்டி கண்ணில் படாது. வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே ஊர்ப் பொதுப்பாதை ஒன்று குறுக்கே போகிறது. அந்தப் பாதையைப் பள்ளத்துக்குள் மறைத்து, மேலே ஒரு பாலம் போட்டுவிட்டார். திண்ணையிலிருந்து பார்த்தால் புல்வெளி ஒரே விரிப்பாகக் குன்றுவரை ஓடுவது போலத்தான் தெரியும்.

குன்றில் ஏறும்போது அம்மா எனக்கு முன்னால் போய்விட்டார். 68 வயது, முழங்கால் வலி, ஆனாலும் மெதுவாக ஏறிவிட்டார். ஜாடிக்குப் பக்கத்தில் குனிந்து எதையோ பொறுக்கி மூக்கருகே வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். “இங்க பாருடி, நம்ம மகிழம்பூ.” வழிகாட்டி அந்த மரத்துக்குச் சிங்களத்தில் மூணமல் என்று பெயர் சொன்னார். அம்மா ஐந்தாறு பூவை முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தக் குன்றில்தான் பாவாவின் உடலை 2003-ல் எரியூட்டினார்கள். கல்லறை, பெயர்ப்பலகை என்று எதுவும் கண்ணில் படாது. வழிகாட்டி சொல்லும்வரை நமக்குத் தெரியாது.

வடக்குப் பக்கம் ஏரியைப் பார்த்த மேடையில் ஈழத்தலரி மரங்கள் நிற்கின்றன. கிளைகள் அகலமாக, தாழ்வாக, கை நீட்டினால் தொடுகிற மாதிரி விரிந்திருக்கும். அது தானாக வளர்ந்த வடிவம் இல்லை. இளமரமாக இருந்தபோது கிளைகளில் கனம் கட்டித் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இப்படி வளைத்திருக்கிறார். கிளை வளைகிற இடத்தைக் கிட்டப்போய்ப் பாருங்கள். எத்தனை ஆண்டு பொறுமை அந்த ஒரு முழங்கை வளைவில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

கீழே இறங்கினால் பெரிய பெரிய ஜாடிகள் வைத்த வெளி, வயல், நீர்த்தோட்டம் எல்லாம் வரும். அவற்றை வழிகாட்டியோடு நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். மணிகளை மட்டும் தவறவிடாதீர்கள். தோட்டத்தில் பல இடங்களில் மணி தொங்குகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி நாதம். பாவா காலையில் ஓர் இடத்தில், மதியம் ஓர் இடத்தில், மாலையில் இன்னோர் இடத்தில் என்று உட்காருவார். மணியை அடித்தால், எந்த மணி என்பதை வைத்தே அவர் எங்கே இருக்கிறார் என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும், தேநீர் அங்கே வந்துவிடும். அந்த இருக்கைகள் இன்னும் இருக்கின்றன. அனுமதி கேட்டு ஒன்றிலாவது உட்காருங்கள். அவர் எதைப் பார்த்தார் என்பது உட்கார்ந்தால்தான் தெரியும், நின்றால் கண் மட்டம் மாறிவிடுகிறது. இந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு நாற்காலியும் ஒரு ஜன்னல்.

நடந்து பார்க்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். படிகளும் மேடுபள்ளமும் உண்டு. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வீட்டைச் சுற்றிய இரண்டு திண்ணைகளில் மட்டும் இருந்தாலும் போனதற்குப் பலன் உண்டு. நேரம் இருந்தால் அங்கேயே இருக்கிற ஈனா டி சில்வா வீட்டைப் பற்றி வழிகாட்டியிடம் கேளுங்கள். கொழும்பில் 1960-களின் தொடக்கத்தில் பாவா கட்டிய வீடு அது. நிலம் கைமாறி இடிபட இருந்தபோது, கல், தூண், கதவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவந்து இங்கே மறுபடி கட்டியிருக்கிறார்கள். நடுமுற்றத்தைச் சுற்றி ஒரு குடும்பம் வாழ்வது என்ற நம் பழைய ஏற்பாட்டை நகரத்து மனைக்குள் திரும்பக் கொண்டுவந்த வீடு. அதில் விருந்தினர் தங்குவதால் உள்ளே பார்க்க முடிவது அன்றைய நிலையைப் பொறுத்தது.

நாட்கள் கூட இருந்தால்

காலிக்கு வெளியே ‘லைட்ஹவுஸ்’ ஓட்டலில் ஒரு தேநீர் குடிக்கப் போங்கள். சுழற்படிக்கட்டில் சிற்பி லக்கி சேனாநாயக்க செய்த உலோகப் போர்வீரர்கள் உங்களோடு சேர்ந்து மேலேறுவார்கள். வடக்கே போகிறவர்கள் தம்புள்ளைப் பக்கம் கந்தளம ஓட்டலைப் பார்க்கலாம். மலைப்பாறையை ஒட்டி நீளமாகக் கட்டி, கொடிகளால் மூடவிட்ட கட்டடம். லுணுகங்காவைப் பார்த்த பிறகு அங்கே போனால் அந்த ஜாடி வைத்த கையே இங்கும் இருப்பது தெரியும். நம் ஊரில் 1970-களில் அவர் செய்த வேலைகளும் உண்டு, மதுரை கிளப் அவற்றில் ஒன்று.

லுணுகங்காவிலிருந்து கிளம்பும்போது ஒரு காரியம் செய்யுங்கள். பள்ளத்தில் மறைந்து போகிற அந்தப் பொதுப்பாதைக்கு எப்படிப் போவது என்று வழிகாட்டியிடம் கேட்டு, வண்டியை அந்தப் பக்கம் விடச் சொல்லுங்கள். எங்கள் நானா பாலத்துக்கு அடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இரண்டு பக்கமும் பாசி படிந்த கரை, தலைக்கு மேல் பாலம், அவ்வளவுதான். வீடு, குன்று, ஜாடி எதுவுமே அங்கிருந்து தெரியவில்லை. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள்.